எட்டாவது பெயர்

ஜூலை நடுவில் மைனர்ஸ்பர்க்கில் காற்றே கனக்கும். நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற மக்காச்சோளம் பகலெல்லாம் ஈரத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். துவைத்த சட்டையைக் கொடியில் போட்டால் சாயங்காலம் வரை ஈரம் காயாமலே கிடக்கும். அன்று வியாழக்கிழமை. தானியக் கிடங்கின் எடைமேடைச் சன்னலை மூன்று மணிக்கே சாத்திவிட்டு மார்லிஸ் சேடன் கிளம்பினாள். வரிசையில் கடைசியாக நின்ற லாரிக்காரர் முணுமுணுத்தார். இன்றைக்கு ஆட்டம் இருக்கிறது என்றாள். அவரும் லாரியைத் திருப்பினார். அன்று அந்த ஊருக்கு வேறு வேலை கிடையாது.

உள்ளூர் உயர்நிலைப் பள்ளிக்கும் ஹேசல் குரோவ் பள்ளிக்கும் பேஸ்பால். ஜெயித்தவர்கள் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். தோற்றவர்கள் உடுப்பைத் துவைத்துப் பள்ளியில் திருப்பிக் கொடுப்பார்கள். மைனர்ஸ்பர்க் பையன்களின் கோச் மார்லிஸின் கணவர் வெர்லின். பள்ளியில் தச்சுப் பட்டறை ஆசிரியர், முப்பத்தொரு வருஷமாகக் கோச். அந்த முப்பத்தொரு வருஷத்தில் மாநிலப் போட்டியின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஊர்க்காரர்கள் காபிக் கடையில் அதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து சிரிக்க மாட்டார்.

மார்லிஸ் பத்தொன்பது வருஷமாக ஸ்கோர் புத்தகம் எழுதுகிறாள். அந்தப் பக்கத்தில் உள்ளூர் அணியின் புத்தகம்தான் ஆட்டத்தின் புத்தகம். தகராறு வந்தால் அம்பயர் அதைத்தான் கேட்பார். கோச் பெண்டாட்டி கையிலா புத்தகம் என்று முதல் இரண்டு வருஷம் பக்கத்து ஊர்கள் மூக்கைச் சுளித்தன. மூன்றாவது வருஷம் சொந்த ஊர்ப் பையன் ஒருவன் அடித்ததை நல்ல அடி என்று எழுதாமல், பந்தைப் பிடிக்க வேண்டியவனின் தவறு என்று எழுதி, அவனுக்கு வரவேண்டிய பரிசையே கெடுத்தாள். அந்தப் பையனின் அம்மா ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகு பக்கத்து ஊர்கள் மூக்கைச் சுளிக்கவே இல்லை.

மார்ச் மாதம் டாக்டர் ஒரு மூளைப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னார். வெர்லினுக்கு மறதி நோய், ஆரம்பம்தான். அது கணவன் மனைவி இருவருக்கு மட்டும் தெரியும். இந்த வருஷ ஆட்டம் முடியட்டும், நானே எல்லாரிடமும் சொல்கிறேன், அதற்கு முன்னால் எவனும் என்னைப் பாவம் என்று பார்க்கக் கூடாது என்றார் வெர்லின். கோச்சாகவே இந்த வருஷத்தை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. மார்லிஸ் சரி என்றாள். அன்றிலிருந்து அடுப்பு அணைந்ததா என்று அவள் பார்த்தாள், சாவியை அவள் வைத்துக்கொண்டாள், ஆட்டச் சீட்டையும் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள்.

சீட்டு சின்ன விஷயம்போலத் தெரியும். ஒன்பது பேர் எந்த வரிசையில் மட்டை பிடிப்பார்கள் என்று எழுதி ஆட்டத்துக்கு முன்னால் அம்பயரிடமும், எதிரணி கோச்சிடமும், ஸ்கோர் எழுதுகிறவர்களிடமும் ஆளுக்கொரு சீட்டு கொடுத்துவிட வேண்டும். பிறகு அந்த வரிசைதான். அன்று மதியம் எட்டாவது கார்சன், ஒன்பதாவது டெவின் என்றார் வெர்லின். செவ்வாய்க்கிழமை அது தலைகீழாக இருந்தது. கார்சன் நன்றாக அடிக்கிறான், ஒரு படி மேலே போகட்டும் என்றார். அவள் சீட்டுகளை எழுதினாள். பையன்கள் உட்காரும் கொட்டகையில் ஒட்டுவதற்கு ஒரு தாளும் பெரிய எழுத்தில் எழுதினாள். அவர் முன்னதாகவே வண்டியில் போனார். போகிற வழியில் ஐஸ் தேநீர் கவிழ்ந்து சீட்டெல்லாம் ஊறிப்போனது. தாள் மட்டும் பின்னிருக்கையில் கிடந்ததால் தப்பித்தது. வெர்லின் புதுச் சீட்டுகளை எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். யாரும் உதவாமல் ஒரு காரியம் செய்து எத்தனை நாளாயிற்று. எழுதும்போது மனதில் வந்தது செவ்வாய்க்கிழமை வரிசை.

மார்லிஸ் வந்ததும் அவளுக்குரிய சீட்டை நீட்டினார். வலைக்குப் பின்னால் இருந்த மேசையில் உட்கார்ந்து அவள் அதைப் பார்த்து எழுதினாள். எட்டு, டெவின் மைன்ட்ஸ். ஒன்பது, கார்சன் க்ரூஸ். மனசு மாறிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வரிசை கோச்சின் உரிமை. எடைமேடையில் முள் காட்டுகிறதை எழுதுகிற கை, அதைக் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டு போனது.

அம்பயர் லோவெல் பன்றி ஏற்றும் லாரி ஓட்டுகிறவர், வெர்லினுக்குச் சித்தப்பா மகன். தினமும் விடிகாலை ஒரே மேசையில் காபி குடிக்கிறவர்கள். ஆனால் களத்துக்குள் காலை வைத்துவிட்டால் உறவு வேலிக்கு வெளியே நிற்கும்.

“மாத்தம் ஏதும் உண்டா கோச்?” என்று கேட்டார் லோவெல்.

“இல்ல அம்பயர்.”

லோவெல் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தார். அதோடு அது சட்டமாகிவிட்டது.

மார்லிஸுக்குப் பக்கத்தில் ஹேசல் குரோவின் புத்தகத்தோடு ஆர்டித் ஹோஃப்ஸ்டாட் அம்மாள் உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது, பேங்கில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஊருக்கும் ஜென்மப் பகை, ஆனால் இந்த மேசைக்கு ஒரே குடை. ஆர்டித் புளிப்புத் தண்டு போட்டுச் சுட்ட இனிப்பு வில்லைகள் கொண்டுவருவார், மார்லிஸ் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவருவாள். ஒவ்வொரு அரை இன்னிங்ஸ் முடிந்ததும் பந்து வீசுகிறவன் எத்தனை வீசினான் என்று இருவரும் உரக்கச் சொல்லிச் சரிபார்ப்பார்கள். நூற்றுப் பத்துக்கு மேல் ஒரு பையன் ஒரே நாளில் வீசக் கூடாது. கோச்சுகளுக்கு ஆசை இருக்கும், பையன்களுக்கு வீறாப்பு இருக்கும். பையனின் முழங்கை இந்த இரண்டு பென்சில்களை நம்பித்தான் இருந்தது.

“இருவத்தேழு,” என்பார் ஆர்டித்.

“இருவத்தேழு,” என்பாள் மார்லிஸ். பிறகுதான் வில்லை வாய்க்குப் போகும்.

மூன்றாவது இன்னிங்ஸில் ஹேசல் குரோவ் ஆடும்போது ஒரு வேடிக்கை நடந்தது. ஒருவன் மூன்று தடவை மட்டையை வீசி ஏமாந்து அவுட்டானதும் மைனர்ஸ்பர்க் பையன்கள் ஓவென்று கத்திக்கொண்டு கொட்டகைக்கு ஓடிவந்தார்கள். விடிகாலை ஐந்து மணியிலிருந்து விதைச்சோளக் கொல்லையில் கூலிக்கு ஆண்பூப் பறித்துக் கையெல்லாம் கீறலும் அரிப்புமாக வந்தவர்கள், மூன்று அவுட்டுக்குத்தான் பக்கம் மாறும் என்கிற எண்ணிக்கை எங்கே நினைவிருக்கும். லோவெலும் அசந்துவிட்டார். மார்லிஸும் ஆர்டித்தும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று மேசையைத் தட்டினார்கள். ரெண்டு அவுட்தான், ரெண்டுதான் என்று மார்லிஸ் கத்தினாள். பையன்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு களத்துக்குத் திரும்பினார்கள். அடுத்து வந்தவன் அடித்த அடியில் ஹேசல் குரோவுக்கு ஒரு ரன் வந்தது. கொட்டகையிலிருந்து வெர்லின் மேசையைப் பார்த்துத் தொப்பியின் நுனியைத் தொட்டார். அவருக்கு அதில் கோபமில்லை. புத்தகம் சொல்ல வேண்டியதைச் சொல்லிற்று.

அதே இன்னிங்ஸின் மறுபாதியில் ஏழாவது ஆள் அவுட்டானான். கொட்டகையிலிருந்து கார்சன் மட்டையைச் சுழற்றிக்கொண்டு வந்தான்.

மார்லிஸின் பென்சில் எட்டாவது வரியில் டெவின் பெயருக்கு நேராக நின்றது. தலையைத் தூக்கினாள். முதுகில் பதினாலாம் எண், கார்சன்தான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர் மனசு மாறவில்லை. பையன்கள் அவள் எழுதிய தாளைப் பார்த்து வருகிறார்கள். சட்டமோ அவர் எழுதிய சீட்டு.

இப்படி வரிசை மாறி வந்தால் அதைக் கண்டுபிடித்துக் கேட்க வேண்டியது எதிரணி. கேட்டால், வந்திருக்க வேண்டியவன் அவுட், வந்தவன் அடித்ததெல்லாம் செல்லாது. எதிரணி கேட்கும் வரைக்கும் அம்பயருக்கும் வாய் கிடையாது, புத்தகத்துக்கும் வாய் கிடையாது. மூன்றாவது அவுட்டை எண்ணிச் சொல்வது கடமை, இதைச் சொல்வது துரோகம். அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டால் விருந்தாளி ஊரின் புத்தகத்துக்கும் அதே கட்டுப்பாடு என்பது இந்த ஊர்களின் பழக்கம். எழுதிவைத்தவர் யாரென்று தெரியாது, மீறியவரும் கிடையாது.

மார்லிஸ் பக்கவாட்டில் பார்த்தாள். ஆர்டித்தின் பென்சிலும் அதே வரியில் நின்றது. கார்சன் உயர அடித்துப் பிடிபட்டான். அடுத்து வந்த டெவினும் அவுட். எதிரணி கோச் கோல்பி இருபத்தாறு வயதுக்காரர், பந்து வீசுகிறவனைத் தவிர வேறெதையும் பார்க்கிற நிலையில் இல்லை. இரண்டு பென்சில்களும் நடந்ததை நடந்தபடி எழுதின.

“முப்பத்தொண்ணு,” என்றார் ஆர்டித். குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

“முப்பத்தொண்ணு,” என்றாள் மார்லிஸ். வில்லையை யாரும் தொடவில்லை.

ஐந்தாவது இன்னிங்ஸிலும் கார்சன் வந்தான், பந்தைத் தரையில் உருட்டி அவுட்டானான். லோவெல், மட்டை பிடிப்பவன் நிற்கிற தட்டுக்குப் பின்னால் குனிவதற்கு முன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்ததை மார்லிஸ் கவனித்தாள். அவருக்கும் தெரியும். களத்தில் மூன்று பேருக்குத் தெரிந்த விஷயம், தெரிய வேண்டியவருக்குத் தெரியவில்லை.

ஆறாவது இன்னிங்ஸ் நடுவில் மேற்கே வானம் கறுத்து மின்னல் வெட்டியது. மின்னலைக் கண்டால் அரை மணி நேரம் களம் காலி. கூட்டம் வண்டிகளுக்குள் ஓடியது. புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு பெண்களும் தின்பண்டக் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். லோவெல் கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். அப்போது வெர்லின் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து அதற்குள்ளேயே சூடான இறைச்சியும் பாலாடைக்கட்டியும் போட்டுத் தருவார்கள், அதை ஒன்று வாங்கிக்கொண்டு மார்லிஸ் பக்கத்தில் வந்து நின்றார். பன்னிரண்டு வருஷம் குறைந்தவர்போல இருந்தார்.

“நாலுக்கு மூணு. ஒரே ஒரு ரன்தான் பின்னாடி. பசங்க கண்ணப் பாத்தியா?” என்றார்.

ஆர்டித் அம்மாள் சட்டென்று எழுந்தார். வண்டியின் சன்னலை மூடினேனா என்று நினைவில்லை, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். கொட்டுகிற மழையில். போகிறபோது மார்லிஸின் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டுப் போனார். லோவெல் மூலையில் திரும்பி நின்று சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலை அப்படி ஒரு கவனமாகப் படித்தார். அதில் இருந்ததே ஆறு வரி.

வழி விட்டுவிட்டார்கள் என்று மார்லிஸுக்குப் புரிந்தது. எழுபத்திரண்டு வயதில், சொந்த ஊர் ஜெயிக்கிற நிலையில், அந்த அம்மாள் மழையில் போய் நிற்கிறார். ஒரே ஒரு வார்த்தை போதும். எட்டாவதாக டெவினை அனுப்பு என்றால் முடிந்தது. பையன்கள் சீட்டு வரிசைக்கு வந்துவிடுவார்கள், யாருக்கும் எதுவும் தெரியாது, மார்ச் மாதத்து ரகசியமும் பத்திரமாக இருக்கும். வீட்டில் தினமும் அவள் செய்கிற காரியம்தானே இது.

“என்ன, ஒரு மாதிரி இருக்கே?” என்றார் வெர்லின்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இதைச் சொல்லிவிட்டால், இனி அவர் களத்திலும் நோயாளி. நானும் இனி புத்தகம் இல்லை, பெண்டாட்டி. அவளுக்கு இப்படித் தெளிவாக எல்லாம் தோன்றவில்லை. வாய் திறக்க மறுத்தது, அவ்வளவுதான்.

“புழுக்கம். நீ தண்ணி குடி,” என்றாள்.

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, பாக்கெட்டில் மீதியிருந்ததை அவளிடம் கொடுத்துவிட்டு மழையில் ஓடினார். ஆர்டித் தொப்பலாகத் திரும்பி வந்தார். மார்லிஸின் முகத்தைப் பார்த்ததும் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“சன்னல் மூடித்தான் இருந்துச்சு,” என்றார்.

“அப்படித்தான் நெனச்சேன். தலையத் துவட்டுங்க,” என்று துண்டை நீட்டினாள் மார்லிஸ்.

மழை விட்டது. பையன்கள் மணலையும் மரத்தூளையும் கொட்டிச் சேற்றைச் சரிசெய்தார்கள். ஏழாவது இன்னிங்ஸ்தான் கடைசி. மைனர்ஸ்பர்க்குக்கு இரண்டு அவுட், இரண்டு பேர் ரன்னுக்குக் காத்து நின்றார்கள், ஆட்டம் இன்னும் நாலுக்கு மூன்று. கார்சன் மட்டையோடு வந்தான். மார்லிஸ் தன் ஆயுளில் முதல் முறையாகச் சொந்த ஊர்ப் பையன் அவுட்டாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவுட்டானால் எவரும் எதையும் கேட்க மாட்டார்கள். வெறும் தோல்வி. அதோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

கார்சன் இரண்டாவது பந்தை வலது மூலைக்கு விளாசினான். இரண்டு பேரும் ஓடி முடித்தார்கள். ஐந்துக்கு நாலு. ஊரே வேலியைத் தாண்டிக் குதித்தது. வண்டிகளின் ஹாரன் சத்தம் சோளக்கொல்லை வரை கேட்டது. பையன்கள் கார்சனைக் கீழே தள்ளி மேலே விழுந்தார்கள். வெர்லின் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார், அழுதார். மார்லிஸ் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. லோவெல் தட்டைவிட்டு அசையவில்லை. ஹேசல் குரோவின் பையன்கள் இரண்டு பேர் களத்து மண்ணிலேயே உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லாரும் களத்தைவிட்டு வெளியேறிவிட்டால் பிறகு கேள்விக்கே இடமில்லை.

கோல்பி தோல்வியைத் தன் சீட்டில் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். எட்டாவது வரியைப் பார்த்தார். பதினாலாம் எண்ணைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்தார். பிறகு தட்டை நோக்கி ஓடிவந்தார்.

“அம்பயர், இது கேக்க எனக்கே நல்லால்ல. ஆனா கேக்கணும்.”

லோவெல் வலையருகே வந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கூட்டம் மெல்ல அடங்கியது.

“ஸ்கோரர், எட்டாவது பேரு யாரு?”

மார்லிஸ் எழுந்து நின்றாள். பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு பேர் அவள் வாயைப் பார்த்ததில்லை.

“எட்டு, டெவின் மைன்ட்ஸ். ஒம்போது, கார்சன் க்ரூஸ்.”

“இப்ப அடிச்சது?”

“கார்சன் க்ரூஸ்.”

“விருந்தாளிப் புத்தகம்?”

“அதேதான்,” என்றார் ஆர்டித். அந்த அம்மாளின் குரல்தான் நடுங்கியது, மார்லிஸுடையது நடுங்கவில்லை.

டெவின் அவுட், ரன்கள் செல்லாது, ஆட்டம் முடிந்தது, நாலுக்கு மூன்று என்று லோவெல் கையைத் தூக்கிச் சொன்னார். கூட்டத்தில் ஒருவர், அது உன் புருஷன் அணிம்மா என்று மார்லிஸைப் பார்த்துக் கத்தினார். பையன்கள் கொட்டகையிலிருந்த தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்து, இதோ பாருங்கள், கார்சன்தான் எட்டு என்று அழுதார்கள். சண்டைக்குத் தயாராக வந்த வெர்லின் தாளை வாங்கினார். மனைவியின் எழுத்து. லோவெல் நீட்டிய சீட்டையும் வாங்கினார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

“என் கையெழுத்துதான்,” என்றார். “அம்பயர் சொன்னது சரி.”

கோல்பியிடம் போய்க் கையை நீட்டினார். “நல்லாப் பாத்தே தம்பி. போய் மாநிலப் போட்டில நல்லா ஆடுங்க.”

பிறகு தன் பையன்களை வலது மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மார்லிஸுக்கு அங்கே பேசியது கேட்கவில்லை. பார்க்க மட்டும் முடிந்தது. அவர் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார், பேசினார். ஒவ்வொருவனாகத் தொப்பியைக் கழற்றினான். கார்சன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். டெவின் போய் அவரைக் கட்டிக்கொண்டான். மார்ச் மாதத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்று தெரிந்துகொண்டாள்.

லோவெல் வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

“அந்தப் பய ஒவ்வொரு தடவ வரும்போதும் எனக்கு உசிரு போய் வந்துச்சு மார்லிஸ்.”

“தெரியும் லோவெல். கவசத்துக்குள்ள உன் மூச்சுச் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு.”

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. இரண்டு பெண்களும் கடைசிக் கணக்கைச் சரிபார்த்தார்கள். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு. ஆர்டித் மீதி வில்லைகளை டப்பாவோடு மார்லிஸ் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுத் தன் வண்டிக்குப் போனார். உலகத்தில் இப்படிப்பட்ட மனிதர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராது.

வெயில் இன்னும் சாயவில்லை. ஈரக் களத்திலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. வெர்லின் மேசைக்கு வந்தார்.

“எப்பத் தெரிஞ்சுச்சு?”

“மூணாவது இன்னிங்ஸ்ல.”

“மழைக்கு ஒதுங்கினப்போ தெரியும்.”

“தெரியும். ஒரு வார்த்தைல நீ ஜெயிச்சிருக்கலாம். ஏன் சொல்லலன்னு கேளு வெர்லின். இப்பவே கேட்டுடு. வீட்டுக்குப் போய்க் கேக்காத.”

அவர் ஆர்டித்தின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மார்ச்சுலேருந்து என்னைச் சரிபண்ணிட்டே இருக்கே. அடுப்பு, சாவி, சீட்டு. தப்புன்னு சொல்லல. அது இல்லாம நான் இல்ல. ஆனா இன்னிக்கு ரெண்டு மணி நேரம் மூணு பேரு என் தப்பப் பாத்துட்டு வாய மூடிட்டு உக்காந்திருந்தீங்க. என்னை முழு ஆளா வச்சு, தோக்க விட்டீங்க.” தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். “கோச்சாத்தான் தோத்தேன் மார்லிஸ்.”

அப்போதுதான் அவள் அழுதாள். நாலு மாதத்து அழுகை. அவர் முதுகைத் தடவிக்கொண்டே திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார்.

“டெவின் பேர்லயா அவுட்ட எழுதியிருக்கே? அவன் மட்டையே தூக்கலையே.”

“விதி அப்படி. வரவேண்டியவன் பேர்லதான் எழுதணும்.”

“பாவம் அந்தப் பய. என் பேர்ல போட்டுடு.”

“கோச்சுக்குக் கட்டம் இல்ல வெர்லின்.”

அவர் பென்சிலை வாங்கினார். கட்டங்களுக்கெல்லாம் வெளியே, பக்கத்தின் ஓரத்தில், பட்டறையில் பலகைக்கு அளவு குறிக்கிற அதே அழுத்தமான எழுத்தில், சீட்டில் தவறு, எழுதியது வெர்லின் சேடன், கோச் என்று எழுதினார். அதன் கீழே தேதி போடப் போனவரின் கை அப்படியே நின்றது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்து, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார். சொன்னாள்.